பெரட்டில் பதினேழாம் நம்பர்

ஹெதர்வில் தோட்டம், கீழ்ப்பிரிவு,
5ஆம் லயம்,
மடுல்சீமை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மாறாத அக்கா இராக்கம்மாவுக்குத் தம்பி பொன்னையா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் பெண்சாதி செவனம்மாவும் மழை பெய்யாத நாட்களில் சுகமாக இருக்கிறோம். அங்கே ஸ்பிரிங்வெளிக் கோயில் மண்டபத்தில் நீங்களும் மருமகள் நிரஞ்சலாவும் மற்றப் பத்துக் குடும்பங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். கேட்பதோடு சரி, வேறென்ன செய்ய முடிகிறது என்னால்.

போனில் என் குரல் கேட்டதும் மூன்று தடவை வைத்துவிட்டீர்கள். நான்காவது தடவை நிரஞ்சலா எடுத்து, "மாமா, அம்மா ஒங்ககிட்ட பேச மாட்டாங்களாம். சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க, நான் வாசிச்சுக் காட்றேன்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். நிரஞ்சலா, அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, கோபம் வரக்கூடிய இடங்களைக் கொஞ்சம் மெதுவாக வாசி. முக்கால்வாசி இடம் அப்படித்தான் இருக்கும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வருஷ மழையில் உங்கள் லயத்து வீட்டு வரிசை நடுவே பிளந்தது. பிறகு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுக்கும் பட்டியலில் உங்கள் பெயர் வந்தது. எழுபத்தொரு வயதில் முதல் தடவையாகச் சொந்தமென்று சொல்ல ஒரு துண்டு மண். அதற்கு அந்தக் காணி ஆபிசர் கேட்டது ஒரே ஒரு கடதாசி. அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், ஒரிஜினல், வருகிற மாதம் பதினைந்தாம் திகதிக்கு முன். நீங்கள் அடையாள அட்டையைக் காட்டினீர்கள், இத்தனை எலக்ஷனிலும் வோட்டுப் போட்டதைச் சொன்னீர்கள், போதாதாம். பதிவுப் பிரஜையின் பிள்ளை என்றால் பதிவைக் காட்ட வேண்டுமாம். காட்டலாம், அந்தப் பத்திரம் எரியவும் இல்லை, தொலையவும் இல்லை. நான் தினமும் காலையில் துடைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஆனாலும் எடுத்துத் தர முடியாது. ஏன் முடியாது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

நாம் பிறந்த நான்காம் லயத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் ஆறு குடும்பம் இருந்தவரைக்கும் கூரைத் தகரம் மாற்றக் கம்பனிக்கு முப்பது வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. எல்லவைச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க ஆசை என்பதை யாரோ கொழும்பில் கண்டுபிடித்ததும், ஆறு குடும்பத்தையும் மூட்டை கட்ட வைத்துவிட்டு ஆறே கிழமையில், நாற்பத்திரண்டே நாளில், கூரை, சுவர், ஜன்னல் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். நாம் பிறந்த ஒற்றையறைக் காம்பரா இப்போது டைல்ஸ் பதித்த கக்கூஸ், பார்வையாளர்களுக்கு மட்டும். அப்படித்தான் அருங்காட்சியகம் வந்தது. கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த என்னைப் பெரிய துரை கூப்பிட்டு, "பொன்னையா, நீங்கதான் இதுக்குப் பொறுப்பாளர்" என்றார். முப்பத்தெட்டு வருஷமாக "ஏய் கணக்கப்பிள்ளை" என்று கூப்பிட்ட வாய் "நீங்க" என்றதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அங்கே தொடங்கியது சனியன்.

பண்டாரவளையிலிருந்து ஷஹீலா மிஸ் வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். அருங்காட்சியக வேலையைக் கொழும்பில் முறையாகப் படித்தவர். பொருளை வெறுங்கையால் தொடக் கூடாது, வெயில் படக் கூடாது, காற்றில் ஈரம் ஐம்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வேண்டும், நம்பரைப் புத்தகத்தில் பதிய வேண்டும், பதிந்த பிறகு அந்தப் பொருள் கொடுத்தவருக்கும் சொந்தமில்லை, அதற்கே கூடச் சொந்தமில்லை, சேகரிப்புக்குத்தான் சொந்தம். கூட இருந்த எழுத்தர் பையன்கள் விழித்தார்கள். எனக்கு உடனே விளங்கியது. ஆளுக்கு ஒரு நம்பர், வருகை எழுதும் செக்ரோலில் ஒரு வரி, பதிந்த பிறகு ஆள் தோட்டத்துக்குச் சொந்தம். நூற்றைம்பது வருஷமாக நம்மை வைத்துச் செய்ததைத்தானே இப்போது பானை சட்டியை வைத்துச் செய்யச் சொல்கிறார்கள்.

அதனால் நானும் எனக்குத் தெரிந்தபடியே நடத்தினேன். காலை ஆறரைக்குப் பெரட்டு. முன்பு கொழுந்தெடுக்க வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட மாதிரி இப்போது பொருட்களைக் கூப்பிடுகிறேன். ஒன்று, பெரட்டு மணி. இரண்டு, கொழுந்துத் தராசு. மூன்று, கங்காணியின் பிரம்பு. கண்ணால் பார்த்து, இருந்தால் செக்ரோலில் முழுநாள் வேலைக்கான முழுப்பேர். அவை பிந்தி வருவதில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வதில்லை, சங்கத்துக்குப் போய் முறையிடுவதில்லை. துரைக்கு இது மிகவும் பிடித்துப்போய், நல்ல தொழிலாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பதினேழாம் நம்பர் அப்பாவின் பத்திரம். அதைக் கொடுக்கச் சொல்லி என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுபத்தேழிலும் எண்பத்து மூன்றிலும் கலவரத்தில் நாம் காட்டுக்குள் ஓடியபோது அப்பா அரிசிப் பானையை விட்டார், ஆட்டை விட்டார், பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்த அந்தக் கடதாசியை மட்டும் விடவில்லை. சாகும்போது "இத யார்கிட்டயும் குடுத்துறாதடா" என்று என்னிடம்தான் சொன்னார். நான் மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்பளிப்புப் படிவத்தில் 'நிபந்தனைகள்' என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டேன். ஏன் கொடுத்தேன் என்றால், பெட்டிக்குக் கீழே 'அன்பளிப்பு: திரு. பொன்னையா' என்று மூன்று பாஷையில் போடுவோம் என்றார்கள். நிரஞ்சலா, இந்த இடத்தில் அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் சொல்லட்டும். முடித்ததும் தொடர்ந்து வாசி.

கொடுத்த பிறகு அந்தப் பொருட்களுக்கு நடந்த ராஜ உபசாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின், அதற்கு இரவு பகலாகக் கரண்ட், கரண்ட் போனால் ஜெனரேட்டர். பக்கத்து ஐந்தாம் லயத்தில் எங்கள் காம்பராவில் சுவர் பச்சைப் பாசி பிடித்துக் கிடக்கிறது, செவனம்மா இழுக்கும் மூச்சு நான்காம் லயம் வரை கேட்கும். ஆறாம் நம்பர் கம்பளி, அம்மா மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்த கம்பளிதான், அதில் பூச்சி விழுந்துவிட்டது. மருந்து அடிக்கக் கூடாது, பொலித்தீனில் சுற்றி இரண்டு கிழமை உறைய வைக்க வேண்டும் என்று ஷஹீலா மிஸ் போனில் சொன்னார். தோட்டத்தில் அவ்வளவு பெரிய பிரீசர் ஏது. பசறையில் கோழிக்கடை வைத்திருக்கும் புவாத் நானாவிடம் கொண்டுபோனேன்.

"இதுக்குள்ள ஹலாலான சாமான் மட்டுந்தான் வைப்பேன். இது என்ன?" என்றார்.

"கம்பளி நானா."

"ஆட்டு மயிரா?"

"ஆமா நானா."

"அப்ப வைங்க. கோழியோட ஒட்டாம வைங்க."

இரண்டு கிழமை அந்தக் கம்பளிக்கு வைத்தியம் பார்த்தோம். துரை வாகனம் அனுப்பிக் கொண்டுவந்தார். அதைப் போர்த்தியிருந்த அம்மா காய்ச்சலில் கிடந்தபோது தோட்டத்து லொறி வர இரண்டு நாள் ஆனது, வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு கம்பளியைப் பெட்டிக்குள் விரித்தேன்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, இந்த மக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஜன்னல் வழியாக ஐந்தாம் லயத்தைக் காட்டினேன். செவனம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, வெளியே போய் அவளை நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்தாள். சேலை அசல் மாதிரியே இருக்கிறது என்று பாராட்டினாளாம்.

பிறகு வந்தது அந்த மழை. அதற்கு முன்பே ஆபத்துக் காலத் திட்டம் என்று ஒன்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள், எது முதலில் காப்பாற்றப்பட வேண்டும், யார் தூக்க வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்று. நான்தான் எழுதினேன், வரிசையாக, சுத்தமாக. மலை சரியப் போகிறது என்று சங்கு ஊதியதும் திட்டப்படி பதினேழாம் நம்பரைத் தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துரை பங்களாவுக்கு இரண்டு மைல் ஓடினேன். மற்றவையும் பின்னால் வந்தன, ஒரு கீறல் இல்லை. ஐந்தாம் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். பங்களாவில் இடமில்லை, ஏனென்றால் ஹோல் முழுக்கப் பொருட்கள். நனைந்து நடுங்கிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த செவனம்மா என்னைப் பார்த்து, "ஒங்க அப்பாவப் பத்தரமா கொண்டுபோய் வச்சிட்டீங்க. என்னைய எத்தனையாம் நம்பர்ல எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். உங்கள் லயம் பிளந்ததும் அதே நாள்தான் என்று மறுநாள் தெரிந்தது.

நீங்கள் பத்திரத்தைக் கேட்டதும் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே துரையிடம் போனேன். அவர் சேகரிப்புக் கொள்கை என்ற புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் விதியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "பதிந்த பொருள் எவர் கேட்டாலும், உறவினராயினும், திருப்பிக் கொடுக்கப்படாது." விரலால் தட்டி, "இது ஒங்க ரூல்தானே, பொன்னையா?" என்றார். என்னுடையதுதான். துரையின் மச்சான் பெரட்டு மணியைத் தன் ஹோட்டல் வாசலில் தொங்கவிட ஆசைப்பட்டு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தபோது, அவரைத் தடுப்பதற்காக 'உறவினராயினும்' என்ற சொல்லை நான்தான் கெட்டித்தனமாகச் சேர்த்தேன். அந்தச் சொல் அவர் மச்சானைத் தடுத்தது, என் அக்காவையும் தடுத்தது.

கொடுக்க முடியாவிட்டால் கடனாகவாவது தாருங்கள் என்றேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. பொருளை வாங்கும் நிறுவனம் எது, அங்கே ஈரம் எவ்வளவு, காட்சிப் பெட்டி எப்படிப்பட்டது, பாதுகாப்பு என்ன, பூச்சிக்கு என்ன ஏற்பாடு. பொய் எழுத எனக்கு வராது. நிறுவனம்: இராக்கம்மா. ஈரம்: கூரையைப் பொறுத்தது. காட்சிப் பெட்டி: அரிசி டின். பாதுகாப்பு: ஒரு நாய். பூச்சிக்கு ஏற்பாடு: அதே நாய். ஒரு கிழமையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. குறிப்பிட்ட இடம் ஒரு கடதாசியை வைப்பதற்குத் தகுதியற்றது என்று. பதினொரு குடும்பத்தை வைப்பதற்கு அந்த இடம் தகுதியானது என்று அதே மாதம்தான் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த ஆபிசரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பத்திரம் அங்கே வராவிட்டால் நீங்களாவது இங்கே வந்து பாருங்கள் என்று அழைத்து வந்தேன். போன புதன்கிழமை வந்தார். கண்ணாடிக்கு வெளியே குனிந்து பார்த்தார். முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, எல்லாம் சரி என்று தலையாட்டியவர் சட்டென்று நிறுத்தி, "இது யார் எழுதினது?" என்றார்.

இங்கேதான் அக்கா, நான் உங்கள் குடியைக் கெடுத்த இடம். கடதாசிப் பொருளில் நம்பரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பின்பக்கம், ஒரு மூலையில், அழிக்கக்கூடிய மாதிரி என்று ஷஹீலா மிஸ் படித்துப் படித்துச் சொன்னார். எல்லாவற்றிலும் அவர் சொன்னபடி கேட்டேன், இதில் மட்டும் கேட்கவில்லை. பென்சிலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பென்சிலில் செக்ரோல் எழுதுகிற கணக்கப்பிள்ளை காலையில் முழுப்பேர் போடுவான், சாயங்காலம் துரை முறைத்தால் அழித்துவிட்டு அரைப்பேர் ஆக்குவான். நாள் முழுக்க மலையில் நின்றவள் பாதி நாள்தான் நின்றாள் என்று ஆகிவிடும். அம்மாவுக்கு அப்படி எத்தனை அரைப்பேர் விழுந்தது, அவர் அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொல்லி எப்படி நின்றார் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நான் கணக்கப்பிள்ளை ஆன அன்றே இனிப் பென்சிலைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முப்பத்தெட்டு வருஷம் பேனாதான். வந்த ஆளின் பேரை வெட்டியதில்லை, வராத ஆளுக்குப் பேர் போட்டதும் இல்லை. அப்படிப்பட்டவன் அப்பாவின் பத்திரத்தில் அழிகிற மாதிரி எழுதுவேனா? முன்பக்கத்தில், அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில், கறுப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதினேன், ஹெ-17 என்று. இனி அப்பாவை எவனாலும் அழிக்க முடியாது என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"இது கை வச்ச பத்திரம். இப்பிடியே எடுக்க ஏலாது" என்றார் ஆபிசர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "எழுதினது நீங்கதான்னு சமாதான நீதவான் முன்னால சத்தியக் கடதாசி குடுங்க. அதோட ஒரிஜினலும் பைல்ல இருக்கோணும். அப்ப பார்க்கலாம்" என்றார். சத்தியக் கடதாசி நாளைக்கே கொடுப்பேன். ஒரிஜினல் எப்படி வரும், ஒன்பதாம் விதி இருக்கிறதே.

ஆக, பத்திரம் பத்திரமாக இருக்கிறது. வெயில் படவில்லை, ஈரம் படவில்லை, பூச்சி படவில்லை, சொந்த மகளின் கையும் படவில்லை. அந்தக் காணியை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். விதியை எழுதியவனே விதியை மீறினால் நாளைக்குத் துரையின் மச்சான் மணியைக் கழற்றிக்கொண்டு போவார். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போனை எடுத்து ஒரு வார்த்தை திட்டினாலும் போதும்.

கோயில் மண்டபத்தில் உள்ள பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி, நாய்க்கும் என் விசாரிப்பு. உங்கள் மூட்டுவலி குறைய வேண்டும், நிரஞ்சலாவுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டும், உங்கள் தலைக்கு மேல் ஒழுகாத கூரை ஒன்று வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உங்கள் உடன்பிறப்பு,
பொன்னையா
(பொறுப்பாளர்)

பி.கு. (வியாழக்கிழமை): ஞாயிறன்று எழுதியதை ஒட்டாமல் வைத்திருந்தேன். செவனம்மா வாசிக்கச் சொன்னாள். முழுவதும் கேட்டாள். என் இடுப்பிலிருந்து சாவியை உருவி, கடிதத்தின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்பாவின் பத்திரம் இந்த உறைக்குள் இரண்டு அட்டைக்கு நடுவே இருக்கிறது, கூடவே என் சத்தியக் கடதாசியும். வெறுங்கையாலேயே தொடுங்கள். தபாலில் போட மனமில்லை, வேன் ஓட்டும் ரமேஸிடம் கொடுத்து அனுப்புகிறேன், உங்கள் கையில்தான் தருவான். பெட்டிக்குள் இப்போது இருப்பது பசறையில் எடுத்த கலர் போட்டோ கொப்பி. நேற்று ஷஹீலா மிஸ் பொருட்களின் நிலையைப் பரிசோதிக்க வந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பதினேழாம் நம்பரை வெகுநேரம் பார்த்தார். "கடதாசிக்கு வயசு குறைஞ்சிருக்கே, அங்கிள்" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். 'நிலை: மிக நன்று' என்று பென்சிலால் எழுதினார், பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி அதன் மேலேயே மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை பெரட்டில் பதினேழு என்று கூப்பிட்டேன். ஆள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். முழுப்பேர் போட்டேன், பேனாவால்.